மிதந்து நிற்கும் சிறு ஹெலிகாப்டர்

மாதேஸ்வரன் மலை ஏறத்தாழ 3,000 அடி உயரமுடையது. கடற்கரையைவிட அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. ஆதலால் சென்னையில் பழகிய சிறு ரேடியோ ஹெலிகாப்டர் அங்கே ஓரிடத்தில் மிதந்து நிற்க, அதன் இறக்கைகள் ஏறக்குறைய 4 சதவீதம் மிகுந்த வேகத்தில் சுழலவேண்டும்.

எனினும், புதிதாய்ப் பயில்வோர் பெரும்பாலும் இடறுவது வேகத்திலன்று. ‘டிரிம்’ எனும் நுண்சீரமைப்பிலேயே. சாண் உயரம் எழுந்ததும் பொறி ஒருபுறம் நகரும். உடனே பயில்வோர் டிரிம் பொத்தானை அழுத்துவர். இது அவசரம். இறக்கை கீழே தள்ளும் காற்று தரையில் மோதிப் பொறியை அலைக்கழிக்கும். சுழல்வட்டத்தின் விட்டத்தைவிட உயரே சென்றபின் காணும் நகர்வே மெய்யானது. மேலிருந்து நோக்க வலஞ்சுழியாகச் சுழலும் ஒற்றை இறக்கைத் தொகுதியாயின், வால்விசிறியின் உந்துதலால் பொறி இடப்புறம் ஒதுங்கும். வலப்புறம் சிறிதே சாயும்படி டிரிம் செய்தால் நிற்கும்.

வால் பயில்வோரை நோக்கியே இருத்தல் வேண்டும். முகம் திரும்பினால் இடவலம் மாறிவிடும். காற்றடங்கிய விடியற்காலையே ஏற்றது. காற்றில் செய்த டிரிம் மறுநாள் பொய்க்கும்.

மலையைச் சூழ்ந்த காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். ஆங்கு அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. கைதவறிக் காட்டுள் விழுந்த பொறியைத் தேடி நுழைவதும் தகாது.