கேட்பவரைக் கேட்பவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வினையூக்கி வினையின் வேகத்தை மாற்றும். ஆனால் வினையின் முடிவில் அதன் நிறையிலும் இயைபிலும் மாற்றம் இராது. வேதியியல் மாணவர் யாவரும் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் இது. பிறர் துயரைக் கேட்டுத் தேற்றும் மனநல ஆலோசகரையும் உளவியல் சிகிச்சையாளரையும் நாம் இவ்வாறே கருதி வந்திருக்கிறோம். ஒருவர் கலங்கி வருகிறார், ஒரு மணி நேரம் பேசுகிறார், சற்றுத் தெளிந்து செல்கிறார். கேட்டவர் மட்டும் இருந்தபடியே இருக்கிறார் என்பது நம் எண்ணம். ஆனால் அதே பாடத்தில் ‘வினையூக்கி நச்சு’ என்றொரு பகுதியும் உண்டு. கந்தக அமிலம் தயாரிக்கும் தொடு முறையில் முன்னர்ப் பயன்பட்ட பிளாட்டினம், வாயுவில் கலந்துவரும் சிறிதளவு ஆர்சனிக் சேர்மத்தாலேயே செயலிழந்துவிடும். உலோகம் அங்கேயேதான் இருக்கும். வேலை மட்டும் நடவாது. துயர் கேட்போர்க்கும் இது நேரக்கூடும் என்பதை ஒருவர் தம் அனுபவத்தாலேயே கண்டறிந்தார்.

அவர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர். 1926-ல் ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறுவனாக நியூயார்க் வந்து சேர்ந்தவர். 1970-களின் தொடக்கத்தில் பகலெல்லாம் தம் சிகிச்சை அறையில் பணியாற்றிவிட்டு, மாலையில் போதைப் பழக்கத்தினர் பலர் நாடிவந்த இலவச மருத்துவ நிலையம் ஒன்றுக்குச் சென்று இரவு வெகுநேரம் வரை ஊதியமின்றி உழைத்தார். ஒருமுறை குடும்பத்துடன் விடுமுறைப் பயணம் புறப்பட வேண்டிய நாளில் அவரால் படுக்கையை விட்டு எழவே இயலவில்லை. பின்னர் அவர் செய்ததுதான் வியப்பு. ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து தம் நிலையைத் தாமே பேசிப் பதிவு செய்தார்; பிறகு, ஒரு நோயாளியின் பேச்சைக் கேட்பதுபோல் அதைப் போட்டுக் கேட்டார். களைப்பை எதிர்பார்த்தவர்க்குக் கோபமும் சேர்ந்து கேட்டது!

1974-ல் அவர் எழுதிய கட்டுரையில் இந்நிலைக்கு ‘பர்ன்-அவுட்’, அதாவது எரிந்து தீர்தல், எனப் பெயரிட்டார். தலைவலி, உறக்கமின்மை, எளிதில் ஆறாத சளி, சிறு சொல்லுக்கும் சினம் ஆகியவற்றை அறிகுறிகளாகக் குறித்தார். ஈடுபாடு மிகுந்தவர்களே முதலில் எரிகிறார்கள் என்பதும் அவர் கண்டது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என வகைப்படுத்தாமல், வேலைச் சூழலால் விளையும் நிலை என்றே வரையறுத்தது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியை கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து இதனை அளக்கும் வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். உணர்வு வற்றுதல், தாம் சாதித்தது ஏதுமில்லை என்ற எண்ணம் ஆகிய இரண்டோடு அவர்கள் சேர்த்த மற்றொன்றே என்னைச் சுட்டது. எதிரில் இருப்பவரை மனிதராகப் பாராமல் ஒரு பொருளைப்போல் நடத்தத் தொடங்குதல் என்பது அது.

அதை நான் செய்திருக்கிறேன். விடுதியில் என் அறைக்கு நண்பர்கள் வந்து மனக்குறை சொல்வது வழக்கம். எனக்கும் அதில் சற்றுப் பெருமைதான். சென்ற ஆண்டு ஓரிரவு, வீட்டு வறுமையால் படிப்பை நிறுத்த நேருமோ என்று சொல்லவந்த ஒருவரிடம், ரெக்கார்டு நோட்டிலிருந்து தலை நிமிராமலே, “எல்லார் வீட்டிலயும் இதே கதைதான்பா” என்றேன். அன்று எனக்கு அவர் ஐந்தாவது ஆள். பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றவர் திரும்பவில்லை. என் சொல்லால்தான் என்று கூற மாட்டேன். எனினும் அவர் சொல்லவந்ததை முழுதும் கேட்டிருந்தால் உதவித்தொகை பற்றியாவது விசாரித்திருப்பேன்.

‘தன்னலம் பேணுதல்’ என எழுதத் தொடங்கினால் தமிழில் அது பழிச்சொல்லாகிவிடுகிறது. ஆகவே ‘தன்னைப் பேணுதல்’ என்கிறேன். நடை, உறக்கம், நல்லுணவு ஆகியன வேண்டும் என்பதை யாவரும் அறிவோம், விரித்துரைக்கத் தேவையில்லை. இத்தொழிலுக்கே உரிய வழி வேறொன்று. 1920-ல் பெர்லினில் தொடங்கப்பட்ட உளப்பகுப்பாய்வு மருத்துவ நிலையத்தில், பயிற்சி பெறுவோர் தாம் நடத்தும் சிகிச்சையை மூத்தவர் ஒருவரிடம் எடுத்துரைத்து வழிகாட்டல் பெறும் முறை வளர்ந்தது. சிக்மண்ட் பிராய்டு 1937-ல், பகுப்பாய்வாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தாமே மீண்டும் பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும், அதில் வெட்கம் கூடாது என்று எழுதினார். பிரிட்டனின் ஆலோசகர் சங்கம் பணியிலுள்ள தன் உறுப்பினர்க்கு இத்தகைய மேற்பார்வையைக் கட்டாயமாக்கியுள்ளது. மூத்தவர் அதிகாரி போல் குறை காண்பதற்கு அமர்வதில்லை. எந்தப் பேச்சு ஆலோசகரின் நெஞ்சில் தங்கிவிட்டது, எவரிடம் அவர் முகம் கடுத்தார் என்பவற்றை உடனிருந்து பார்க்கிறார். தன் முதுகைத் தான் காண இயலாதல்லவா? பிராய்டன்பெர்கரும் தம் குரலை வெளியே நின்று கேட்ட பின்னரே உண்மையை உணர்ந்தார்.

அவர் சொன்ன தீர்வுகளும் பெரும்பாலும் நிறுவனம் செய்ய வேண்டியவை: பணிநேரத்துக்கு வரம்பு, ஒருவரையே கடினமான பணியில் தொடர்ந்து வைக்காமல் மாற்றிவிடுதல், கூடுதல் ஆட்கள், கட்டாய ஓய்வு. நம் நாட்டில் 2022 அக்டோபரில் மத்திய அரசு 14416 என்ற எண்ணில் டெலி-மனஸ் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. அதன் மறுமுனையில் இருப்பவரும் ஒரு மனிதரே. அவரிடம் ‘மனத்தைத் திடமாக வைத்துக்கொள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அழைப்புகளைக் குவித்துக்கொண்டே போனால், கடைசியாக அழைப்பவர்க்குக் கிடைப்பது நான் விடுதியில் சொன்னது போன்ற பதிலாகவே இருக்கும்.

1950-களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்பவர் பொதுமருத்துவர்களைச் சிறு குழுவாக அமரவைத்து, தம் மனத்தை உறுத்திய நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தார். அதைப் படித்தபின் நாங்கள் நால்வர் சனிக்கிழமைதோறும் இரவு மெஸ் முடிந்து விடுதி மொட்டைமாடியில் கூடுகிறோம். யார் சொன்னது என்று பெயர் கூறுவதில்லை. கேட்டதால் தன் மனம் என்னவாயிற்று என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு நாளில் ஒருவர் இருவருக்குமேல் கேட்பதில்லை. மூன்றாமவரை அடுத்த அறைக்கு நாமே அழைத்துச் செல்வது எனவும் வைத்துள்ளோம். எங்களுள் உளவியல் பயின்றவர் எவருமில்லை. ஆகவே நிலைமை கடுமையெனத் தோன்றினால் அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லும் பொறுப்பும் வாரம் ஒருவருக்கு உண்டு.