வானில் ஒரு பொதுவழி

செம்பவாங்கின் வடக்குக் கரையில் நின்றால், நீரிணைக்கு அப்பால் ஜொகூர் தெரியும். 1938ஆம் ஆண்டில் இங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளம் திறக்கப்பட்டது. அதன் கப்பல் துறை 1968இல் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. இன்று இவ்வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ளன. சற்றுத் தள்ளிச் செனோக்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. வீடு, தொழிற்கூடம், கடல் ஆகிய மூன்றும் அருகருகே அமைந்த இடம் இது.

இம்மூன்றுக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரியாது. வானொலி அலைகள் செல்லும் வழிதான் அது. அந்த வழியில் ஒருவர் அலட்சியமாக இருந்தால் என்ன நேரும்?

தொலைவிலிருந்து வரும் குரல்

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட அலைகளைச் சிற்றலை என்கிறோம். பூமிக்கு மேலே 100 கிலோமீட்டருக்கும் அப்பால் அயனி மண்டலத்தின் அடுக்குகள் உள்ளன. சிற்றலைகள் அவற்றால் வளைக்கப்பட்டு மீண்டும் தரைக்குத் திரும்புகின்றன. ஆகவே, அவை கடல்களையும் கண்டங்களையும் தாண்டிச் செல்லும்.

பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941இல் தொடங்கியது. 2017இல் வானொலிச் சேவை நிறுத்தப்படும் வரை பல நாட்டுத் தமிழர்கள் அதைச் சிற்றலையில் கேட்டனர். செம்பவாங்கிற்கு மேற்கே உள்ள கிராஞ்சியிலிருந்தும் 2023ஆம் ஆண்டுவரை பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு ஆசிய நாடுகளுக்குச் சென்றது.

இணையம் வந்தபின் சிற்றலை நேயர்கள் குறைந்துவிட்டனர். ஆனால் சிற்றலையின் தேவை தீர்ந்துவிடவில்லை. கரையிலிருந்து வெகுதொலைவில் செல்லும் கப்பல்களும், பெருங்கடலுக்கு மேலே பறக்கும் விமானங்களும் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. ஆபத்தில் சிக்கிய கப்பல் உதவி கேட்பதற்கென்றே சில சிற்றலை அதிர்வெண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

நொடியில் ஒட்டும் இயந்திரம்

மருத்துவமனையில் இரத்தம் சேமிக்கும் பையைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் ஓரங்களில் தையலும் இல்லை, பசையும் இல்லை. ஆயினும், ஒரு சொட்டுக்கூடக் கசிவதில்லை. இரண்டு பிளாஸ்டிக் தாள்களை உருக்கி ஒன்றாக்கியதால் கிடைத்த உறுதி அது.

இந்த வேலையைச் செய்வது உயர் அதிர்வெண் வெப்ப இயந்திரம். பிளாஸ்டிக் தாள்களை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். தகடுகளுக்கு இடையே உள்ள மின்புலம் வினாடிக்குப் பல மில்லியன் முறை திசை மாறும். அதற்கேற்பத் திரும்ப முயலும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று உரசுவதால் பொருளின் உள்ளேயே சூடு பிறக்கும். சில வினாடிகளில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். மழையங்கிகள் செய்வதற்கும், மரத்துண்டுகளை ஒட்டும் பசையை விரைவில் உலரவைப்பதற்கும் இதே முறை உதவுகிறது.

கசிவும் இரைச்சலும்

இந்த இயந்திரம் பல கிலோவாட் ஆற்றலில் இயங்கலாம். தொலைதூர ஒலிபரப்பு நம் வானொலியை வந்தடையும்போதோ, அதன் வலிமை ஒரு வோல்ட்டின் மில்லியனில் சில பங்காகச் சுருங்கியிருக்கும். எனவே, இயந்திரத்திலிருந்து ஆற்றலின் சிறு பகுதி வெளியே கசிந்தாலும் போதும். அந்த மெல்லிய குரல் இரைச்சலில் மூழ்கிவிடும்.

இயந்திரம் 27.12 மெகாஹெர்ட்ஸில் இயங்கினால், அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களிலும் சிறு அலைகள் தோன்றும். நான்கு மடங்கு என்பது 108.48 மெகாஹெர்ட்ஸ். விமானம் ஓடுபாதையை நோக்கி நேராக இறங்க வழிகாட்டும் அலைகள் அப்பகுதியில்தான் உள்ளன. மேலும், பழைய இயந்திரங்கள் சிலவற்றில் அதிர்வெண் நிலையாக நிற்காமல் நழுவிச் செல்லும். ஒட்டப்படும் பொருள் மாறினால் அதிர்வெண்ணும் மாறும்.

தொழிற்கூடத்தை மூடிவிடலாமா? அப்படிச் செய்தால் இரத்தப் பைக்கு எங்கே போவது? இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் கடலில் தவிப்பவரின் அழைப்பை யார் கேட்பது? இரண்டுமே உயிர்காக்கும் பணிகள்.

தனித்தடம்

நம் சாலைகளில் பேருந்துகளுக்கெனத் தனித்தடம் இருப்பதுபோல், தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென உலக நாடுகள் சில அதிர்வெண்களை ஒதுக்கியுள்ளன. 6.78, 13.56, 27.12, 40.68 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை அவற்றுள் சில. இந்த எண்களில் ஓர் ஒழுங்கு உண்டு. 13.56இன் இரு மடங்கு 27.12, மூன்று மடங்கு 40.68. ஆகவே, 13.56இல் இயங்கும் கருவியின் முதல் இரண்டு மடங்கு அலைகளும் ஒதுக்கப்பட்ட தடங்களிலேயே விழுகின்றன. நாம் பேருந்தில் தட்டும் பயண அட்டைகூட 13.56 மெகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது.

தடம் மட்டும் போதாது, வேலியும் வேண்டும். இயந்திரத்தைச் சுற்றி இடைவெளியற்ற உலோகக் கூடு அமைத்தால், அலைகள் பெருமளவில் உள்ளேயே அடங்கும். மின்கம்பி வழியே கசிவதை வடிகட்டி தடுக்கும். வானொலி இடையூறுகளை அளப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்குமான அனைத்துலகச் சிறப்புக் குழு 1934இலேயே அமைக்கப்பட்டது. இரைச்சலுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை என்பதை நாடுகள் அன்றே உணர்ந்திருந்தன.

இரைச்சலின் வேர் எது?

வானொலியில் இரைச்சல் கேட்டவுடன் தொழிற்கூடத்தைக் குறைகூறுவது முறையன்று. மின்கலத்தில் இயங்கும் வானொலியை வைத்துக்கொண்டு, முதலில் வீட்டின் முதன்மை மின்விசையைப் பெரியவர்களின் துணையோடு அணைத்துப் பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றுவிட்டால், குற்றவாளி நம் வீட்டு விளக்கோ கைப்பேசி மின்னூட்டியோதான்!

இரைச்சல் தொடர்ந்தால், அது வரும் நேரத்தைக் குறிக்க வேண்டும். சில வினாடிகள் ஒலித்து, நின்று, மீண்டும் ஒலிக்கிறதா? மதிய உணவு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அடங்குகிறதா? அப்படியென்றால், அது ஓர் அழுத்து இயந்திரமாக இருக்கலாம். வல்லுநர்கள் வளைய வடிவ அலைவாங்கியைச் சுழற்றி, அலை வரும் திசையை அறிவார்கள். இரண்டு மூன்று இடங்களில் அளந்து வரைபடத்தில் கோடுகள் வரைந்தால், அவை சந்திக்கும் இடத்தின் அருகே தேடலாம். சிங்கப்பூரில் வானொலி அலைவரிசைகளை நிர்வகிக்கும் பொறுப்பு தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் உள்ளது. நாம் குறித்துவைத்த நேரமும் நாளும் புகாருக்கு வலுச்சேர்க்கும்.

மாடி வீட்டில் நாற்காலியை இழுப்பவருக்கு அந்த ஓசை பெரிதாகத் தெரியாது. கீழ்வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். வானொலி அலைகளின் உலகிலும் அப்படித்தான். கசிவை உண்டாக்குபவர் அதைக் கேட்பதில்லை. எனவேதான், கேட்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு இயந்திரத்தை இயக்குபவருக்கு இருக்கிறது.

அருஞ்சொற்பொருள்

அதிர்வெண் – ஓர் அலை ஒரு வினாடியில் அதிரும் எண்ணிக்கை
அலைவாங்கி – வானொலி அலைகளைப் பெறும் கருவி
இடையூறு – தடை, தொல்லை

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. தொழிற்கூடத்தை மூடுவதோ இரைச்சலைப் பொறுத்துக்கொள்வதோ ஏன் சரியான தீர்வாகாது?
2. இரைச்சலைப் பற்றிப் புகார் செய்வதற்குமுன் நாம் எவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்? ஏன்?
3. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பலரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு வசதியைக் கூறுக. அதனால் எழும் இடையூறு ஒன்றை எவ்வாறு தீர்க்கலாம்?