மரைக்கார் எனும் பெயர்

என் உம்மும்மாவின் வாப்பா பெயரில் ‘மரைக்கார்’ இருந்தது. உம்மாவின் பெயரிலும் என் பெயரிலும் அது இல்லை. நம் வழக்கில் தந்தையின் பெயரே முன்னால் நிற்பதால், பெண்வழியில் அது விரைவில் மறைந்துவிடுகிறது.

‘மரக்கலம்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர் சிலர். கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல்லே மூலம் என்பர் வேறு சிலர். எதுவாயினும் இது கடலோடிகளின் பெயர். காயல்பட்டினம், கீழக்கரை, காரைக்கால், பேருவளை எனத் துறைமுகம்தோறும் இது வழங்குகிறது. சிலாவத்துறை முத்துக்குளிப்புக்குக் கீழக்கரையாரும் காயலாரும் வந்துபோன கடல்தான் நம் மன்னார்க் கடல்.

இப்பெயரைக் குடிசன மதிப்பு அறிக்கைகளில் தேடினேன். 1871 முதல் வெளிவந்த அவை இனத்தையும் இடத்தையும் எண்ணுகின்றன. குடும்பப் பெயரை அல்ல. ‘சோனகர்’ என்ற பெயரின் கீழ் எல்லோரும் அடங்கிவிடுகின்றனர்.

மன்னாரில் 1981க்குப் பின் முழுமையான கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. இடையே, 1990 ஒக்டோபரில், வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 1981இல் எருக்கலம்பிட்டியில் எண்ணப்பட்ட உம்மும்மா, 2001இல் புத்தளத்தில் எண்ணப்பட்டார். இடைப்பட்ட பயணம் எந்த நிரலிலும் இல்லை.

அவர் மௌத்தான பின்புதான் நான் தேடத் தொடங்கினேன். அவருடைய வாப்பாவின் வாப்பா யார் என்று சொல்ல இப்போது வீட்டில் ஆளில்லை.

தோழியரே, உங்கள் உம்மும்மா இருக்கும்போதே கேளுங்கள்: அவருடைய வாப்பாவின் முழுப்பெயர் என்ன, ஊர் எது? கேட்டதை எழுதிவையுங்கள். பெற்றோரும் தமக்குத் தெரிந்ததைச் சேர்த்துச் சொல்லட்டும்.