காற்றை இறக்கியது யார்?

எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஆணியின் கூர்முனை, பள்ளிப் பையின் அகலப் பட்டை என்று வழக்கமான எடுத்துக்காட்டுகளோடு பாடம் முடிந்துவிடும். கடந்த கல்வியாண்டில் அதே பாடத்தை என் வண்டிச் சக்கரத்தை வைத்து நடத்தினேன். நானாகத் திட்டமிட்டதில்லை. ஒரு மாணவன்மீது நான் சுமத்திய பழியிலிருந்து தொடங்கியது அது.

இளம்பிள்ளை வாதத்தால் என் இடது கால் பாதிக்கப்பட்டது. பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரில்தான் பள்ளிக்கு வருகிறேன். பின் சக்கரத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு சிறு சக்கரம். ஆக மொத்தம் நான்கு. இருந்தும் ஊரில் எல்லோருக்கும் அது ‘மூணு சக்கர வண்டி’தான். நம் ஆசிரியர்களிலும் மாணவர்களின் பெற்றோரிலும் பலர் இத்தகைய வண்டியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஜூலை மாதத்தில் இடது பக்கச் சக்கரத்தில் அடிக்கடி காற்று இறங்கியது. சாதாரண இருசக்கர வண்டி என்றால் பின் டயரில் காற்று குறைந்ததும் வண்டி நெளியும்; ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். பக்கச் சக்கர வண்டி அப்படியன்று. தானாகவே நிற்கும் வண்டி என்பதால் அது நெளிவதில்லை. எடையை மற்றச் சக்கரங்கள் பகிர்ந்துகொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சாயும், கைப்பிடி இடது பக்கம் இழுக்கும். அது நமக்குத் தெரிவதற்குள் பாதிக் காற்று போயிருக்கும். பள்ளிக்கு எதிரே உள்ள பஞ்சர் கடையில் நிரப்பிக்கொள்வேன். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் சாயும். கடைக்காரர் மேலோட்டமாகப் பார்த்து, “பஞ்சர் ஒண்ணும் இல்ல சார், யாரோ காத்தப் புடுங்கி விடுறாங்க” என்றார்.

அந்த ஒரு வரி என் மனத்தில் தங்கிவிட்டது. வண்டியை நிறுத்தும் வேப்பமரத்தடிக்குப் பக்கத்தில்தான் மாணவர்களின் மிதிவண்டிகளும் நிற்கும். ஒரு நாள் மதிய இடைவேளையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் வண்டியின் இடது சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பந்து உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது என்றான். நான் நம்பவில்லை. வகுப்பு முழுவதும் பார்க்க அவனைத் திட்டினேன், மறுநாள் பெற்றோரை அழைத்து வரச் சொன்னேன்.

அவன் அம்மா வந்தார். நூறு நாள் வேலையை அன்றைக்கு விட்டுவிட்டு வந்திருந்தார். “செஞ்சிருந்தா கண்டிங்க சார். ஆனா செய்யலன்னு சொல்றான். இவன் பொய் சொல்ற புள்ள இல்ல” என்றார். பையன் தலைகுனிந்து நின்றவன், மெதுவாக ஒரு கேள்வி கேட்டான்: “லீவு நாள்ல உங்க வீட்டுல நிக்கும்போது காத்து இறங்கலையா சார்?”

என்னிடம் விடை இல்லை. ஏனென்றால் நான் பார்த்ததே இல்லை. விடுமுறை நாளில் வண்டியை எடுக்கமாட்டேன், திங்கட்கிழமை காலை சாய்ந்திருந்தால் வெள்ளிக்கிழமை பள்ளியில் நடந்த வேலை என்று நினைத்துக்கொள்வேன். அறிவியல் ஆசிரியர் நான். கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டவன் அவன்.

அன்று மாலையே கேஜ் என்று கடைகளில் சொல்லும் அழுத்தமானி ஒன்றை வாங்கினேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு பக்கச் சக்கரங்களிலும் 28 பி.எஸ்.ஐ. நிரப்பி, வண்டியை வீட்டுத் திண்ணையோர நிழலில் நிறுத்தினேன். புதன்கிழமை வரை அதைத் தொடவில்லை. சக ஆசிரியரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கு வந்தேன். தினமும் அதே ஏழு மணிக்கு அளந்தேன். இடது சக்கரம்: 28, 25, 22.5, 20, 18. வலது சக்கரம்: 28, 27.5, 27.5, 27, 26.5.

வீட்டுக்குள் யாரும் வந்து காற்றைப் பிடுங்கவில்லை. புதன்கிழமை முதல் பாடவேளையில், அவனைத் திட்டிய அதே வகுப்பில், அதே இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்று அவன் அம்மாவிடமும் சொன்னேன். “சரி விடுங்க சார்” என்றார். அவருடைய ஒரு நாள் கூலி போனது போனதுதான்.

மன்னிப்புக் கேட்ட கையோடு அந்தப் பத்து எண்களையும் கரும்பலகையில் எழுதினேன். அங்கேதான் பாடம் தொடங்கியது. நாளை கிடையச்சிலும் அழுத்தத்தை நேரச்சிலும் வைத்து வரைபடம் போடச் சொன்னேன். யாராவது காற்றைப் பிடுங்கியிருந்தால் வரைபடம் எப்படி இருக்கும்? “படிக்கட்டு மாதிரி டக்குனு இறங்கும் சார்” என்றாள் ஒரு மாணவி. நம் கோடு சரிவாக இறங்கியிருந்தது. அந்தச் சரிவும் நேர்கோடு இல்லை. முதல் நாள் 3 பி.எஸ்.ஐ. இறங்கியது, கடைசி நாள் 2தான். உள்ளே அழுத்தம் குறையக் குறைய, வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது, கசிவும் மெதுவாகிறது.

நல்ல சக்கரத்தை எதற்கு அளந்தீர்கள் என்று ஒருவன் கேட்டான். வலது சக்கரத்திலும் நான்கு நாளில் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைந்திருப்பதைக் காட்டினேன். கேஜை வால்வில் வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் ‘புஸ்’ என்று கொஞ்சம் காற்று போகிறது. அளப்பதே அளவை மாற்றுகிறது. வலது சக்கரத்தை அளக்காமல் இருந்திருந்தால், அந்த இழப்பையும் கசிவின் கணக்கில் சேர்த்திருப்போம்.

வெப்பநிலையையும் பேசினோம். இங்கே ஒரு தவறு எளிதாக நேரும். நானே முன்பு செய்திருக்கிறேன். கேஜ் காட்டும் 28 என்பது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உள்ள அழுத்தம் மட்டுமே. டயருக்குள் உண்மையில் இருப்பது அதோடு வளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்து 42.7 பி.எஸ்.ஐ. வெயிலில் நின்ற டயரின் காற்று 40 டிகிரி செல்சியஸில் இருந்து, மறுநாள் காலை 27 டிகிரிக்கு வந்தால், கெல்வினில் 313-லிருந்து 300. அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும்: 42.7-ஐ 300-ஆல் பெருக்கி 313-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 40.9, அதில் 14.7-ஐக் கழித்தால் 26.2. ஒரு சொட்டுக் காற்றும் வெளியேறாமலே கேஜில் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. குறைந்து தெரியும். எனவே ஓட்டி வந்த சூட்டோடு ஒரு நாளும், குளிர்ந்த பிறகு ஒரு நாளும் அளந்தால் பயனில்லை. கெல்வின் கணக்கு எட்டாம் வகுப்புக்குச் சற்று மேலானதுதான். ஆனால் விடை தங்களுக்கே வேண்டியிருந்ததால் பெரும்பாலோர் பின்தொடர்ந்தார்கள். பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள் வாயு விதிகளோடு இதை நேரடியாக இணைக்கலாம்.

கசிவு இருப்பது உறுதியானது. அது எங்கே என்பதை மறுநாள் வேப்பமரத்தடியில் தேடினோம். தரை சமமாக இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தோம். ஒரு ஷாம்பு பாக்கெட்டை அரை லிட்டர் தண்ணீரில் நுரை வராமல் கலக்கினோம். நுரை முன்பே இருந்தால் கசிவுக் குமிழி அதில் மறைந்துவிடும். முதலில் வால்வின் மூடியைக் கழற்றி அதன் வாயில் ஒரு துளி விட்டோம். மெதுவான கசிவுகளில் பல இங்கேதான் இருக்கும். வால்வுக்குள் இருக்கும் பின் தளர்ந்திருக்கலாம், மண் துகள் சிக்கியிருக்கலாம். குமிழி வந்தால் வால்வுச் சாவியால் பின்னைச் சற்று இறுக்கிப் பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் புதிய பின் போடலாம், சில ரூபாய்தான். அழுத்தி இறுக்கினால் பின்னின் ரப்பர் வளையம் நசுங்கிப் புதிய கசிவு வரும்.

எங்கள் துளி அசையாமல் நின்றது. தூரிகையால் டயரின் தரைப்பகுதி, பக்கவாட்டு, ரிம் ஓரம் என்று சுற்றிவரத் தடவினோம். மெதுவான கசிவில் குமிழி பெரிதாக ஊதாது. சில நிமிடம் காத்திருந்தால் வெண்மையான பொடி நுரையாகச் சேரும். அந்த இடைவெளியில், வெறும் தண்ணீரில் குமிழி ஏன் நிற்பதில்லை, சோப்பு நீரில் ஏன் நிற்கிறது என்று பரப்பு இழுவிசையைத் தொட முடிந்தது. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மாணவன் கத்தினான். ரிம்மில் வால்வுத் தண்டு வெளியே வரும் துளையைச் சுற்றி நுரை.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் என் பக்கச் சக்கரங்களில் ட்யூப் உண்டு. ட்யூபில் எங்கே ஓட்டை இருந்தாலும், வெளிவந்த காற்று டயருக்குள் சுற்றிக் கடைசியில் ரிம் துளை வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறும். நுரை வந்த இடம் காற்றின் வாசல், ஓட்டையின் இடமாக இருக்க வேண்டியதில்லை. ட்யூப் இல்லாத டயரில் மட்டுமே குமிழி வரும் இடத்தை அப்படியே நம்பலாம்.

ஆகவே சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனோம். இந்த வேலையை மாணவர்களிடம் விடக் கூடாது. இத்தகைய சிறு சக்கரங்கள் பலவற்றில் ரிம் இரண்டு பாதிகளாகப் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். காற்று முழுவதும் இறங்காமல் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ரிம் பிளந்து தெறிக்கும். வால்வுப் பின்னையே கழற்றி எடுத்து, காற்று அறவே போன பிறகுதான் கடைக்காரர் போல்ட்டில் கை வைத்தார். மாணவர்கள் சாலைக்கு இப்பால் நின்று பார்த்தார்கள்.

ட்யூபைக் கொஞ்சம் ஊதித் தொட்டியில் முக்கினார், ஒன்றுமில்லை. முதல் முறை அவர் பஞ்சர் இல்லை என்றதில் தவறு சொல்ல முடியாது என்று அப்போது புரிந்தது. இன்னும் சற்று ஊதி, பகுதி பகுதியாக இழுத்து முக்கச் சொன்னேன். வால்வுத் தண்டை ஒரு பக்கமாக வளைத்தபோது அதன் அடியில் குமிழி ஒவ்வொன்றாக வந்தது. நேராக விட்டதும் நின்றது. தண்டு ரப்பரோடு ஒட்டும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

அதற்கும் காரணம் இருந்தது. இருசக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்பும். பக்கச் சக்கர வண்டியால் சாய முடியாது. திருப்பங்களில் பக்கச் சக்கர டயர் தரையில் தேய்ந்தபடியே இழுபடும். காற்றும் குறைவாக இருந்தால் டயர் ரிம்மின் மேல் மெல்ல நகரும், ட்யூபும் கூடவே நகரும், ரிம் துளையில் மாட்டிய தண்டு மட்டும் சாய்ந்து நிற்கும். கசிவால் காற்று குறைந்தது, குறைந்த காற்றால் விரிசல் பெரிதானது. வால்வுத் தண்டு ரிம்மில் நேராக நிற்காமல் சாய்ந்திருப்பதைப் பார்த்தாலே இதை ஊகிக்கலாம். பல வாரம் கண்ணெதிரே சாய்ந்துதான் இருந்தது.

ட்யூபின் மற்ற இடங்களில் ஓட்டை என்றால் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு ஒட்டு போடலாம். ஈரமாக ஒட்டுவதால்தான் பல ஒட்டுகள் பிரிகின்றன. தண்டின் அடியில் ஒட்டு நிற்காது, புதிய ட்யூப்தான். மாட்டும் முன் கடைக்காரர் டயரின் உள்பக்கம் துணியால் தடவினார். சீமைக்கருவேல முள்ளின் முனை ஏதாவது இருந்தால் துணி மாட்டும், விரல் தப்பும்.

முன், பின் சக்கரங்கள் ட்யூப் இல்லாதவை. அவற்றில் ஆணி தைத்தால் உடனே பிடுங்காமல், பக்கத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுக் கடைக்குப் போவது நல்லது. தரைப்பகுதியின் சிறு துளையை ரப்பர்த் திரி செருகி அடைக்கலாம். பக்கவாட்டில் துளை என்றால் டயரை மாற்ற வேண்டும். ரிம் ஓரத்தில் நுரை வந்தால் பெரும்பாலும் துருதான்; டயரை ஓரத்திலிருந்து விடுவித்து, துருவைத் தேய்த்து எடுத்து மறுபடி உட்கார வைக்க வேண்டும்.

என்னுடையது போன்ற வண்டி இல்லாத பள்ளியில் மாணவரின் மிதிவண்டி ட்யூப் ஒன்று போதும். அதன் வால்வில் சாதாரண கேஜ் பொருந்தாது. அழுத்தத்துக்குப் பதில் ஒரு நிமிடத்தில் எத்தனை குமிழி என்று எண்ணச் சொல்லலாம். வால்வுக்குள் உள்ள சிறு ரப்பர்க் குழாயைக் கழற்றிப் பார்க்கச் செய்யுங்கள். பழைய மிதிவண்டிகளில் அது வெடித்திருக்கும்.

கேஜ் இப்போது வகுப்பறை அலமாரியில் இருக்கிறது. வாரம் ஒரு முறை, காலையில் வண்டி குளிர்ந்த பிறகு, இரண்டு பேர் நான்கு சக்கரங்களையும் அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். அந்த நோட்டு யார் பொறுப்பு என்று சொல்லத் தேவையில்லை. சென்ற வாரம் அவன் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். வலது சக்கரம் மூன்று வாரமாக வாரத்துக்கு 2 பி.எஸ்.ஐ. இறங்குகிறது, மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. வால்வுத் தண்டைப் பார்த்துவிட்டானாம், நேராகத்தான் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை ஷாம்பு பாக்கெட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறான்.