மடை திறக்கும் அளவு: மெசேஜ் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சில குறிப்புகள்

ஒரு தீபாவளி வாரம். நாங்கள் கவனித்துவந்த துணிக்கடையின் இணைய ஆர்டர்கள் கணக்கு மென்பொருளுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பக்கம் நொடிக்கு 2 ஆர்டர்தான் வாங்கும். நாங்கள் ஐம்பது, அறுபது என்று தள்ளிக்கொண்டிருந்தோம். சில ஆர்டர்கள் போகவில்லை, சில இரண்டு முறை பதிவாகிவிட்டன. அந்த வாரத்துக்குப் பிறகு எழுதிவைத்த குறிப்புகள் இவை. கிளவுடில் ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்கும் வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

1. முதலில் வாங்கும் பக்கத்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் ஷீட்ஸ் ஏபிஐயில் ஒரு ப்ராஜெக்டுக்கு நிமிடத்துக்கு 300 வாசிப்புகள், அதிலும் ஒரு பயனருக்கு 60 என்று கணக்கு. ஷாப்பிஃபையின் ரெஸ்ட் ஏபிஐ வேறு மாதிரி: சாதாரணத் திட்டத்தில் 40 கோரிக்கை கொள்ளும் ஒரு வாளி, அது நொடிக்கு 2 வீதம் ஒழுகும். ஒரே மூச்சில் 40 அனுப்பலாம். வாளி நிறைந்துவிட்டால் பிறகு நொடிக்கு 2தான். திடீரென்று தாங்கும் அளவு ஒன்று, நிலையாகத் தாங்கும் அளவு ஒன்று. இரண்டையும் தனித்தனியே குறித்துவையுங்கள்.

2. அந்த அளவு முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே கணக்கில் ரிப்போர்ட் எடுக்கும் மென்பொருளும் ஏதாவது ஒரு மொபைல் ஆப்பும் நுழைந்துகொண்டிருக்கும். ஐந்தில் ஒரு பங்கையாவது விட்டுவையுங்கள்.

3. நடுவில் ஒரு கியூ கட்டாயம். மழை எவ்வளவு கொட்டினாலும் ஏரி வாங்கி வைத்துக்கொள்கிறது. வயலுக்குப் போவது மடை திறந்த அளவு மட்டுமே. ஆர்டர் வந்த கணமே நேராக அடுத்த மென்பொருளைக் கூப்பிடும்படி எழுதினால் ஏரியும் இல்லை, மடையும் இல்லை.

4. தேங்கினால் எவ்வளவு நேரத்தில் வடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். நொடிக்கு 2 என்றால் 10,000 ஆர்டர் போய்ச் சேர 5,000 நொடி, அதாவது ஏறக்குறைய 1 மணி 23 நிமிடம். பண்டிகைக்கு முன்பே இதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். காத்திருப்பதை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். காரணம் தெரியாமல் காத்திருப்பதைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

5. ஒரே நேரத்தில் எத்தனை வொர்க்கர் ஓடுகின்றன என்பது வேறு, நொடிக்கு எத்தனை மெசேஜ் போகிறது என்பது வேறு. நான் அதிகம் பார்த்த தவறு இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான். ஓர் அழைப்புக்கு அரை நொடி ஆனால் 5 வொர்க்கர் நொடிக்கு 10 அனுப்பும். நள்ளிரவில் எதிர்ப்பக்கம் சுறுசுறுப்பாகி அதே அழைப்பு 0.1 நொடியில் முடிந்தால், அதே 5 வொர்க்கர் நொடிக்கு 50 அனுப்பிவிடும். வொர்க்கர் எண்ணிக்கையைக் கட்டிப்போட்டால் மட்டும் போதாது. நொடிக்கு இத்தனை டோக்கன் என்று வழங்கி, டோக்கன் கிடைத்தவர் மட்டும் அனுப்பும்படி செய்யுங்கள்.

6. டோக்கன் எண்ணும் இடம் ஒன்றாக இருக்கட்டும். நொடிக்கு 10 என்ற கட்டுப்பாட்டை ஒவ்வொரு சர்வரிலும் வைத்து 4 சர்வர் ஓட்டினால் போவது 40. கியூ நீளும்போது ஆட்டோ ஸ்கேலிங் தானாகவே சர்வரைக் கூட்டும் என்பதால், நெருக்கடியான நேரத்தில்தான் கட்டுப்பாடு உடையும். ரெடிஸ் போன்ற பொது இடத்தில் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளலாம்.

7. முறை வந்த பிறகே மெசேஜைக் கையில் எடுங்கள். எங்கள் ஆர்டர்கள் இரண்டு முறை பதிவானது இங்கேதான். அமேசான் எஸ்க்யூஎஸ்ஸில் ஒரு வொர்க்கர் எடுத்த மெசேஜ், எதையும் மாற்றாவிட்டால் 30 நொடிக்கு மட்டுமே மற்றவற்றின் கண்ணில் படாமல் இருக்கும். அதற்குள் முடித்து அழிக்காவிட்டால் மறுபடி தலைகாட்டும், இன்னொரு வொர்க்கர் எடுத்துக்கொள்ளும். 10 வொர்க்கர் ஆளுக்குப் பத்தாக 100 மெசேஜை அள்ளிவைத்துக்கொண்டு நொடிக்கு 2 என்று அனுப்பினால் முடிக்க 50 நொடி ஆகும். முப்பதாவது நொடியிலேயே மிச்சமெல்லாம் அடுத்தவர் கைக்குப் போயிருக்கும். ஒருமுறைக்குக் கொஞ்சமாக எடுங்கள், அந்த 30 நொடியையும் கூட்டி வையுங்கள். ராபிட்எம்க்யூவில் ப்ரீஃபெட்ச் எண்ணைக் குறைத்து வைப்பதும் மெசேஜை அள்ளிவைக்காமல் இருக்கத்தான்.

8. எவ்வளவு பார்த்தாலும் ஏதாவது ஒன்று இரண்டு முறை போகத்தான் செய்யும். ஆர்டர் எண்ணையே அடையாளமாக அனுப்பி, ஏற்கெனவே பதிவானதை எதிர்ப்பக்கம் ஒதுக்கும்படி செய்துவிடுங்கள்.

9. 429 என்ற பதில் வந்தால் நிற்க வேண்டும். 'அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்' என்று சொல்ல 2012இல் ஆர்எஃப்சி 6585 வகுத்த எண் அது. கூடவே ரிட்ரை ஆஃப்டர் என்ற தலைப்பில் எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்றும் வரலாம். வந்தால் அதை அப்படியே மதியுங்கள். வராவிட்டால் 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வொர்க்கருக்கும் அந்த இடைவெளி கொஞ்சம் முன்பின்னாக அமையட்டும். எல்லாரும் சரியாக 2 நொடி பொறுத்தால் எல்லாரும் மறுபடி ஒன்றாகத்தான் வந்து மோதுவார்கள்.

10. டெட் லெட்டர் கியூவைத் திறந்து பாருங்கள். இத்தனை முறை தவறினால் இங்கே ஒதுக்கு என்று அமைத்திருப்போம். வேகத் தடையால் திரும்பிய நல்ல ஆர்டரும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்து, கெட்டுப்போன மெசேஜோடு அங்கே கிடக்கும். அந்த எண்ணைத் தாராளமாக வையுங்கள்.

11. அவசரமானதற்குத் தனி கியூ. விலைப்பட்டியல் புதுப்பிக்கும் இருபதாயிரம் மெசேஜின் பின்னால் ஒருவர் பணம் கட்டிய ஆர்டர் நிற்கக் கூடாது.

12. கியூவின் நீளத்தைவிட, அதில் மிகப் பழைய மெசேஜின் வயதைப் பார்த்து அலாரம் வையுங்கள். எஸ்க்யூஎஸ் தானாக 4 நாள்தான் மெசேஜை வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். அதை 14 நாள் வரை நீட்டலாம். நீண்ட விடுமுறை வருவதற்கு முன்பே நீட்டிவிடுங்கள்.