கட்டை டிராமில் கற்ற கணக்கு

மெட்ராஸில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. சின்ன வயதில் அதில் போனவர் எங்கள் தாத்தா. அவருக்காக லெகோ கட்டைகளில் ஒரு டிராம் செய்தேன். பார்த்ததும், "என்னடா, பீரோ மாதிரி நிக்குது!" என்றார்.

தப்பு எங்கே? முகப்பு சதுரமாக வரணும்னு 6 குமிழ் அகலம், 6 கட்டை உயரம் வைத்தேன். ஸ்கேலால் அளந்தபோதுதான் புரிந்தது: ஒரு குமிழுக்கு 8 மி.மீ., ஒரு கட்டை உயரம் 9.6 மி.மீ.

6 குமிழ் × 8 = 48
6 கட்டை × 9.6 = 57.6
5 கட்டை × 9.6 = 48

ஒரு வரிசையைக் கழற்றினேன். சதுரம் வந்தது! கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கம்பையும் வைத்தேன். தாத்தா கையில் வாங்கி, "ஏறிக்கலாமா?" என்றார்.

நண்பர்களே, எண்ணினால் போதாது, அளக்கவும் வேண்டும்!