வெள்ளிக் காசா, வெள்ளி வில்லையா?



கண்டியில் சிறியதொரு சப்பாத்துக் கடை நடத்தும் தம்பி ஒருவர் சென்ற வாரம் என்னைத் தேடிக் கடைக்கு வந்திருந்தார். அவருடைய மச்சான் கனடாவில் இருக்கிறார். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாராம்.

"நானா, அவசரத்துக்கு உதவும் என்று இருபது வெள்ளிக் காசு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அரசாங்கம் அடிக்கிற மேப்பிள் லீஃப் காசா, தனியார் கம்பனி அடிக்கிற வில்லையா என்று மச்சான் கேட்கிறார். வில்லை என்றால் ஒவ்வொன்றிலும் மூன்று டொலர் மிச்சமாம். இரண்டும் ஒரே வெள்ளிதானே?" என்றார்.

அவரிடம் ஏற்கனவே ஆறு வில்லைகள் இருக்கின்றன. அவற்றை மச்சானிடம் கொடுத்துவிட்டு ஐந்து மேப்பிள் லீஃப் எடுத்துக்கொள்ளலாமா என்பது இரண்டாவது கேள்வி. வெளிநாட்டில் உறவினர் உள்ள பலருக்கும் இந்தக் கேள்விகள் இருக்கும் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். கனடா அரசாங்கத்தின் நாணயச்சாலை 1988 முதல் வெள்ளி மேப்பிள் லீஃப் அடிக்கிறது. ஒரு அவுன்ஸ், 9999 சுத்தம். அமெரிக்காவின் ஈகிள் 1986இல் வந்தது. பிரித்தானியாவின் பிரிட்டானியா 1997இல் வந்தது. அது 2012 வரை 958 சுத்தமாக இருந்து, 2013 முதல் 999 ஆனது. ஆகவே பழைய பிரிட்டானியா வாங்குபவர்கள் ஆண்டைப் பார்க்க வேண்டும். இங்கே அவுன்ஸ் என்பது பலசரக்குக் கடை அவுன்ஸ் அல்ல. அது 28.35 கிராம், இது 31.1 கிராம்.

மேப்பிள் லீஃபில் 5 டொலர் என்றும் ஈகிளில் 1 டொலர் என்றும் பெறுமதி அடித்திருக்கும். அதை நம்பி யாரும் வாங்குவதில்லை. உள்ளே உள்ள வெள்ளிக்கு அதைவிடப் பல மடங்கு விலை. அந்த எழுத்தின் பயன் வேறு. அது அரசாங்கத்தின் நாணயம் என்பதையும், நிறைக்கும் சுத்தத்துக்கும் ஓர் அரசாங்கம் பொறுப்பு என்பதையும் அது சொல்கிறது. அந்த நாட்டில் அதைப் போலியாக அடிப்பது கள்ள நாணயம் அடித்த குற்றமாகும். வில்லையில் கம்பனியின் பெயரும் நிறையும் 999 என்ற இலக்கமும் இருக்கும், பெறுமதி இருக்காது. வெள்ளி என்ற அளவில் நல்ல கம்பனியின் வில்லையில் ஒரு குறையும் இல்லை. அதை நான் அடித்துச் சொல்வேன்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே வருகிறது? விற்கப் போகும் நாளில் வருகிறது. நான் அதை 2022இல் படித்தேன்.

அந்த ஆண்டு மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. புறக்கோட்டையில் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் எல்லோரும் கைக்காசு கேட்கத் தொடங்கினார்கள். நான் கொடுத்திருந்த ஒரு காசோலை, ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபா, வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போகிறது. எனக்கு வரவேண்டியவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. காசோலை திரும்பினால் அந்தத் தெருவில் இருபத்தைந்து வருடப் பெயர் போய்விடும். வீட்டில் இருந்த பவுண் மகளுக்கென்று வைத்தது. அதை வங்கியில் அடகு வைத்தால் வட்டி. அந்தப் பக்கம் போக மனம் இடம் கொடுக்கவில்லை.

மிஞ்சியது ஒரு பிஸ்கட் டின். தம்பி கனடாவில் இருந்து பல தடவையாகக் கொண்டுவந்த 18 மேப்பிள் லீஃப், 12 வில்லை. வில்லைகளை வாங்கச் சொன்னது நான்தான். மூன்று டொலர் மிச்சம் பிடித்தேன் என்று அன்று பெருமை.

வியாழக்கிழமை காலை செட்டியார் தெருவுக்கு நடந்தேன். அன்றைய உலக விலைக்கு ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 7,900 ரூபா வர வேண்டும். முதல் கடையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் கொட்டி, உருக்கும் வெள்ளி என்று சொல்லி, ஒன்றுக்கு 5,500 என்றார்கள். காசு என்றும் வில்லை என்றும் பேதமில்லை. இரண்டாவது கடையில் வெள்ளி வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது கடை முதலாளி வெளிநாட்டுக் காசு பார்த்துப் பழகியவர். மேப்பிள் லீஃபைப் பூதக்கண்ணாடியில் திருப்பிப் பார்த்தார், நிறுத்தார், ஒன்றுக்கு 7,200 தருகிறேன் என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது. வில்லையை எடுத்தவுடன் முகம் மாறியது. "இந்தக் கம்பனி எனக்குத் தெரியாது ஹாஜியார். ஒன்றை வெட்டிப் பார்க்க வேண்டும்" என்றார். வெட்டினார், அசிட் விட்டார், சுத்த வெள்ளிதான். அப்படியும் 5,500க்கு மேல் போகவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் வாங்கியதை அவர் இன்னொருவருக்கு விற்க வேண்டும். அந்த இன்னொருவரும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

கணக்கைப் பாருங்கள். காசுகளுக்கு 1,29,600. வில்லைகளுக்கு 66,000. மொத்தம் 1,95,600. காசோலை தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வில்லை ஒன்றில் 1,700 ரூபா வீதம் பன்னிரண்டிலும் 20,400 ரூபா குறைவு. அன்றைய நாணய மாற்று விகிதத்தில் அது 56 டொலருக்கு மேல். வாங்கும்போது நான் மிச்சம் பிடித்தது மொத்தம் 36 டொலர்.

இதிலிருந்து அரசாங்கக் காசு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் கடையில் அந்த முத்திரைக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. முத்திரையைத் தெரிந்தவரிடம்தான் முத்திரைக்கு விலை. ஆகவே வாங்குவதற்கு முன்னரே, உங்கள் ஊரிலோ கொழும்பிலோ அதை யார் எடுப்பார் என்று இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து வையுங்கள். அவசரம் வந்த பிறகு விசாரிப்பவனின் முகத்திலேயே விலை குறைந்துவிடும்.

நம் நாட்டுப் பழைய வெள்ளியிலும் இதே பாடம் உண்டு. பல வீடுகளில் மூத்தம்மாமார் காலத்து 50 சதக் காசுகள் கிடக்கின்றன. 1917 வரை அடித்தவை 800 சுத்தம். 1919 முதல் 1942 வரையுள்ளவை 550 மட்டுமே. பருமனும் நிறையும் ஒன்று, 5.83 கிராம். முன்னையதில் 4.66 கிராம் வெள்ளி, பின்னையதில் 3.2 கிராம். அரசாங்கம் ஒன்றுதான், வெள்ளி ஒன்றல்ல. 1957ஆம் ஆண்டு புத்த ஜயந்தி 5 ரூபாக் காசோ 925 சுத்தம், 28 கிராமுக்குச் சற்று மேல். இவற்றை உருக்கக் கொடுக்குமுன் காசு சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

போலியும் உண்டு. ஈகிள், மேப்பிள் லீஃப் இரண்டுக்கும் போலி அடித்து விற்கிறார்கள். மேப்பிள் லீஃபில் 2014 முதல் முகம் முழுக்க நுண்ணிய கதிர்க்கோடுகளும், லேசரால் பொறித்த சிறிய இலை அடையாளமும் உண்டு. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். இரண்டு தசமம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசில் தண்ணீர்க் கிளாசை வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, கிளாசின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாகத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி என்றால் தராசு 2.96 அல்லது அதற்கு மிக அருகில் காட்டும். அதே நிறையில் செம்புக்கு வெள்ளி முலாம் பூசியதாக இருந்தால் 3.4ஐத் தாண்டும். ஈயம் என்றால் 2.75க்கு இறங்கும். வெட்டவும் வேண்டாம், அசிட்டும் வேண்டாம்.

இனித் தம்பியின் இரண்டாவது கேள்வி. ஆறு வில்லை கொடுத்து ஐந்து காசு எடுப்பது கூடாது. வெள்ளிக்கு வெள்ளி மாற்றும்போது நிறை சமமாக இருக்க வேண்டும், கைக்குக் கை மாற வேண்டும். ஒரு பக்கம் கூடினால் அது வட்டியாகிவிடும். முத்திரை நல்லது, வேலைப்பாடு நல்லது என்ற நியாயம் அங்கே செல்லாது. மட்டமான பேரீச்சம்பழத்தை இரண்டு மடங்கு கொடுத்து நல்லதை வாங்கிய பிலால் (ரழி) அவர்களை, முதலில் அதை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் வாங்கும்படி நபி (ஸல்) அவர்கள் திருத்திய செய்தி நாம் அறிந்ததே. வழி அதுதான். வில்லையை விற்றுப் பணத்தைக் கையில் எடுத்து, அந்தப் பணத்துக்குக் காசு வாங்க வேண்டும். மச்சானுக்குப் பிறகு தருகிறேன் என்று தவணை சொல்லி வாங்குவதிலும் இதே பிரச்சினை உண்டு. ஊர் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸகாத்தையும் நினைவூட்டினேன். வெள்ளியின் நிஸாப் 595 கிராம். இருபது காசு 622 கிராம். டின்னை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டால் அது மறந்துபோகும் சாமான். ஒரு வருடம் பூர்த்தியானால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது அரைக் காசின் நிறை, கடமையாகிறது.

எவ்வளவு வைப்பது? வெள்ளி 2011 ஏப்ரலில் 50 டொலரை நெருங்கி, 2020 மார்ச்சில் 12 டொலர் அளவுக்கு விழுந்து, 2025 ஒக்டோபரில் 50ஐத் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் பொருளில் கடை முதலைப் போடுபவன் வியாபாரி அல்ல. பவுண் எந்த ஊரிலும் விலைபோகும், வெள்ளி அப்படியல்ல. ஆனால் சிறு தொகைக்குப் பவுணை உடைக்க முடியாது, வெள்ளியில் இரண்டு மூன்றை எடுத்துக் கொடுக்கலாம். ஒரு மாதக் கடை வாடகையும் ஒரு காசோலையும் தாங்கும் அளவு போதும் என்பது என் கருத்து.

தம்பி மச்சானுக்கு அங்கேயே தகவல் அனுப்பினார். இருபதும் மேப்பிள் லீஃப், வாங்கிய பற்றுச்சீட்டுடன், விமான நிலையத்தில் சுங்கத்துக்குச் சொல்லிக் கொண்டுவர வேண்டும் என்று. பிறகு சட்டைப் பைக்குள் இருந்து அந்த ஆறு வில்லைகளையும் எடுத்து மேசையில் வைத்தார். என் தராசில் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தோம். ஆறும் சுத்தம். செட்டியார் தெருவில் அந்த மூன்றாவது கடை எது என்று கேட்டார், ளுஹர் தொழுதுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.